பப்பியா, ஷெல்டர் நாயா, ரேஸ்ல ரிட்டயர் ஆன கிரேஹவுண்டா? மெல்பர்ன்ல முதல் நாய் எடுக்கப் போற குடும்பங்களுக்கு

மெல்பர்ன்ல நம்மாளுங்க வீட்டுல நாய் வளர்க்கணும்னு பேச்சு வந்தா சுத்திச் சுத்தி மூணு விஷயத்துலதான் வந்து நிக்கும், ஒண்ணு லேப்ரடார் பப்பி, இல்லன்னா கவூடுல்னு சொல்ற கவலியர், பூடுல் கலப்பு பப்பி, அதுவும் இல்லன்னா ஷெல்டர்ல போய் ஒரு நாய எடுத்துட்டு வர்றது. நாலாவதா ஒரு வழி இருக்கு, ரேஸ் ஓடி முடிச்ச கிரேஹவுண்ட எடுக்கலாம்னு சொன்னா உடனே "அய்யோ அது வேட்டை நாயாச்சே, வாய்ல கூண்டு மாட்டித்தானே கூட்டிட்டுப் போவாங்க"ன்னு ஒருத்தர் சொல்வாரு, "அதை தினமும் பத்து கிலோமீட்டர் ஓட விடணுமே, யாருக்கு நேரம் இருக்கு"ன்னு இன்னொருத்தர் சொல்வாரு. ரெண்டுமே தப்பான நினைப்பு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற, ஸ்கூல் போற வயசுல பசங்க இருக்கிற, பேக்யார்ட் சின்னதா இருக்கிற வீட்டுக்கு முதல் நாய் எதுன்னு என்னைக் கேட்டா என் ஓட்டு கிரேஹவுண்டுக்குத்தான். ஆனா எல்லா வீட்டுக்கும் இல்ல, சில வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்னும் சொல்வேன், ரெண்டையும் கீழ எழுதுறேன்.

முதல்ல இந்த நாய் எங்கிருந்து வருதுன்னு தெரியணும். ஆஸ்திரேலியாவுல ரேஸுக்குன்னே வளர்க்கிற கிரேஹவுண்ட் சுமார் ஒன்றரை வயசுல ஓட ஆரம்பிக்கும், நல்லா ஓடுற நாய் நாலு அஞ்சு வயசு வரைக்கும் ஓடும், வேகம் பத்தாததும் அடிபட்டதும் ரெண்டு வயசுலயே வெளிய வந்துடும். ஒரு ரேஸ்ல எட்டு நாய், கம்பில ஓடுற பொம்மைக்குப் பின்னாடி பாயும், சாண்டவுன் பார்க்ல நடக்கிற 515 மீட்டர் ஓட்டத்த நல்ல நாய் 30 செகண்டுக்குள்ள முடிச்சுடும். அவ்வளவுதான் அதோட வேலை. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகம் வரும்ங்கிறது உண்மைதான், ஆனா அது அரை நிமிஷ வேகம், நாள் முழுக்க ஓடுற தெம்பு கிடையாது. வீட்டுக்கு வந்தப்புறம் காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி நடை போதும், மிச்ச நேரம் தூக்கம்தான், ஒரு நாளைக்கு 18 மணி நேரம் தூங்குற நாய்ங்கல்லாம் இருக்கு. நடுவுல எப்பவாவது திடீர்னு பேக்யார்ட்ல நாலு ரவுண்ட் சுத்தி ஓடும், அப்புறம் வந்து நாலு காலையும் மேல தூக்கிட்டு சோபாவுல மல்லாந்து படுத்துக்கும். நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி நாயைப் பாத்தவங்களுக்கு இந்த உடம்புவாகு புதுசா தெரியாது, ஒட்டின வயிறு, ஆழமான நெஞ்சு, நீளமான கால், எல்லாமே கண்ணால பாத்து விரட்டுற நாய்ங்க.

அந்த வாய்க்கூண்டு, அதாவது மஸில் விஷயத்தையும் இங்கயே முடிச்சிடுறேன். ரேஸ்ல ஒண்ண ஒண்ணு கடிச்சிடக் கூடாதுன்னு மஸில் போடுறது ஒரு பக்கம், பொது இடத்துல கிரேஹவுண்டுக்கு மஸில் கட்டாயம்னு சட்டமே இருந்தது இன்னொரு பக்கம், அதைப் பாத்துப் பாத்துதான் ஜனங்க மனசுல இது கடிக்கிற நாய்னு பதிஞ்சுபோச்சு. விக்டோரியாவுல 2019 ஜனவரி 1லேருந்து வீட்டுல வளர்க்கிற கிரேஹவுண்டுக்கு மஸில் கட்டாயம் இல்ல. ஆனா லீஷ் கட்டாயம், மத்த நாய்ங்கள அவிழ்த்து விடுற பார்க்லயும் இதை அவிழ்க்கக் கூடாது. நியூ சவுத் வேல்ஸ்ல சட்டம் வேற மாதிரி, அங்க தனியா ட்ரெயினிங் முடிச்சு பச்சை காலர் வாங்கின நாய்க்குத்தான் மஸில்லேருந்து விலக்கு, அதனால சிட்னில இருக்கிற சொந்தக்காரங்க சொல்றத வச்சு இங்க முடிவு பண்ணாதீங்க.

சரி, பப்பியோட ஒப்பிட்டுப் பாப்போம். பப்பி வாங்கறப்போ நாம வாங்குறது ஒரு யூகம், அது வளந்து எப்படிப்பட்ட நாயா வரும்னு யாருக்கும் தெரியாது, அப்பா அம்மா நாயைப் பாத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். அதோட முதல் ஒரு வருஷம் இருக்கே, ராத்திரி எழுந்து வெளிய கூட்டிட்டுப் போகணும், கார்பெட்ல போனதைத் துடைக்கணும், ஷூ, சார்ஜர் வயர், சோபா மூலை எதையும் கடிக்காம பாத்துக்கணும், ரெண்டு பேரும் ஆபீஸ் போற வீட்டுல மூணு மாசக் குட்டிய காலை எட்டுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் தனியா விட்டா அது குட்டிக்கும் நல்லதில்ல வீட்டுக்கும் நல்லதில்ல. கிரேஹவுண்ட் வர்றப்போ வயசு ரெண்டு மூணு ஆயிருக்கும், குணம் செட் ஆயிருக்கும், உயரமும் எடையும் இதுக்கு மேல மாறாது, பொண்ணு 25லேருந்து 30 கிலோ, ஆண் 30க்கு மேல 35, 37 வரைக்கும் போகும். ரேஸ் நாய்ங்கள வச்சிருக்கிற கொட்டில்ல, அதாவது கென்னல்ல, வெளிய விடுற நேரத்துலதான் ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம், படுக்குற இடத்த அசிங்கம் பண்ணாத பழக்கம் ஏற்கனவே இருக்கு, அந்தப் பழக்கத்த வீட்டுக்கு மாத்தி விடுறதுதான் நம்ம வேலை, முதல் வாரம் சாப்பிட்டதும் ஒரு தடவ தூங்கி எழுந்ததும் ஒரு தடவ வெளிய கூட்டிட்டுப் போனா பெரும்பாலான நாய்ங்க புரிஞ்சுக்கும்.

லேப் நல்ல நாய் இல்லன்னு நான் சொல்லல. பசங்களோட பந்து விளையாடணும், பீச்ல தண்ணில குதிக்கணும், குடும்பத்தோட ட்ரெக்கிங் போகணும்னு ஆசைப்படுற வீட்டுக்கு லேப்தான் சரி, கிரேஹவுண்ட் பந்தை ரெண்டு தடவ எடுக்கும், மூணாவது தடவ உங்க முகத்தப் பாத்துட்டு போய்ப் படுத்துக்கும். ஆனா லேபுக்கு தினமும் நல்ல உழைப்பு வேணும், முடி கொட்டுறது வருஷம் முழுக்க இருக்கும், அப்புறம் அந்தப் பசி. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டில 2016ல வெளியிட்ட ஆராய்ச்சில லேப் நாய்ங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு வயிறு நிறைஞ்சதே தெரியாத மாதிரி ஒரு ஜீன் மாற்றம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. தாத்தா பாட்டி வந்தா ஆளுக்கொரு பிஸ்கட் போடுற நம்ம வீடுகள்ல லேப் குண்டாகுறது ரொம்ப சுலபம், குண்டானா மூட்டு போகும். கவூடுல் பத்தி சொல்லணும்னா விலை சில ஆயிரம் டாலர், முடி கொட்டாதுன்னு வாங்குறாங்க, ஆனா கொட்டாத முடி வளந்துகிட்டே இருக்கும்ங்கிறத யாரும் யோசிக்கிறதில்ல, ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவ க்ரூமர்கிட்ட போயே ஆகணும், இல்லன்னா சிக்கு விழுந்து தோல்ல புண்ணு வரும். கிரேஹவுண்டுக்கு முடி குட்டையா ஒரே அடுக்கு, வாரம் ஒருக்கா ரப்பர் கிளவுஸால தடவி விட்டாப் போதும், நாய் வாடையும் ரொம்பக் கம்மி. பூஜை ரூம் இருக்கிற வீட்டுல பெரியவங்களுக்கு இது ஒரு பெரிய நிம்மதி.

ஷெல்டர் நாய்ங்கள்ல ஸ்டாஃபி கலப்பு, கெல்பி கலப்பு நிறைய பாப்பீங்க. அன்பான நாய்ங்க, எடுக்கிறவங்களுக்கு என் மரியாதை எப்பவும் உண்டு. ஆனா முதல் நாய்னு வர்றப்போ ரெண்டு விஷயம் யோசிக்கணும், பல நாய்ங்களோட பழைய கதை முழுசா தெரியாது, அப்புறம் கெல்பி மாதிரி ஆடு மேய்க்கிற ரத்தம் இருந்தா அதுக்கு நாள் முழுக்க மூளைக்கு வேலை வேணும், வேலை இல்லன்னா அதுவே ஒரு வேலைய உண்டாக்கிக்கும், வேலியத் தோண்டும், பசங்கள குதிகால்ல கடிச்சு மேய்க்கப் பாக்கும். கிரேஹவுண்டோட பழைய கதை அநேகமா முழுசா எழுதியே இருக்கும், காதுல அடையாளக் குத்து, மைக்ரோசிப், எந்த ட்ராக்ல எந்தத் தேதில ஓடுச்சு, எப்ப அடிபட்டுச்சு எல்லாத்துக்கும் ரெக்கார்டு இருக்கு.

இப்ப கிரேஹவுண்டுக்குத் தெரியாத விஷயம். அதுக்கு வீடுன்னா என்னன்னே தெரியாது. கென்னல்ல பொறந்து கென்னல்ல வளந்தது, மாடிப்படி பாத்ததில்ல, டிவி பாத்ததில்ல, வாக்யூம் க்ளீனர் சத்தம் கேட்டதில்ல, கண்ணாடிக் கதவு இருக்கிறது புரியாம நேரா வந்து மோதிக்கும், அதனால முதல் வாரம் கதவுல நாய் மூக்கு உயரத்துக்கு டேப் ஒட்டி வைங்க. மிக்ஸி போட்டா பசங்க ரூமுக்குள்ள போய் நின்னுக்கும். டைல்ஸ் தரை, பளபளன்னு இருக்கிற மரத்தரை எல்லாம் வழுக்கும்னு பயந்து சமையலறை வாசல்லயே நிக்கும், அங்கங்க மேட் போட்டு ஒரு பாதை மாதிரி அமைச்சுக் குடுத்தா வந்துடும்.

மாடிப்படி கத்துக் குடுக்கிறது ஒரு தனி வேலை. அது நாலு காலையும் படியில எப்படி வைக்கிறதுன்னு தெரியாம முதல் படியில முன்னங்கால் ரெண்டையும் வச்சிட்டு உடம்பு நடுங்க நிக்கும், நாம பின்னாடி நின்னுகிட்டு ஒரு கை வயித்துக்கு அடியில குடுத்து இடது பின்னங்கால எடுத்து வச்சு, அப்புறம் வலது முன்னங்கால, அப்புறம் வலது பின்னங்கால, இப்படி ஒவ்வொரு காலா எடுத்து வச்சே மேல வரைக்கும் கூட்டிட்டுப் போகணும், இதுல அவசரப்பட்டு காலர புடிச்சு இழுத்தா அது அப்புறம் படி பக்கமே வராது. ஏறுறத விட இறங்குறதுதான் அதுக்கு பயம், மொத்தமா குதிச்சிடலாம்னு பாக்கும், அதனால இறங்கறப்போ முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் இருக்கணும். எங்க வீட்டு கறுப்பி முதல் தடவ தானா மாடி ஏறி வந்து என் பொண்ணு ரூம் வாசல்ல நின்னப்போ பல்லு கடகடன்னு அடிச்சுகிட்டா, குளிரோ பயமோ இல்ல, கிரேஹவுண்டுக்கு சந்தோஷம் ஜாஸ்தி ஆனா அப்படித்தான் பல்லு அடிச்சுக்கும், பல பேர் இதப் பாத்து பயந்து வெட்டுக்கு, அதாவது நாய் டாக்டருக்கு, போன் பண்றாங்க. அதே மாதிரி நடந்து போயிட்டு இருக்கறப்போ திடீர்னு நடு ரோட்டுல நின்னுடும், இழுத்தாலும் வராது, புது இடத்துல அதுக்கு பாத்து முடிக்க நேரம் வேணும், ஒரு நிமிஷம் நின்னு பக்கவாட்டுல லேசா திருப்பி நடத்தினா கிளம்பிடும்.

யாருக்கு வேண்டாம்னு சொன்னேனே, அது இதுதான். வீட்டுல பூனை, முயல், கோழி இருந்தா நல்லா யோசிங்க. சின்னதா எது குறுக்க ஓடினாலும் விரட்டணும்னு பல தலைமுறையா வளர்த்த நாய் இது. எல்லா கிரேஹவுண்டும் பூனையைக் கொல்லும்னு சொல்லல, பூனையோட ஒரே சோபாவுல தூங்குறதெல்லாம் இருக்கு, ஆனா பூனை பக்கத்துல விட்டு டெஸ்ட் பண்ணி பாஸ் ஆன நாயா இருக்கணும், பாஸ் ஆன நாயும் வீட்டுக்குள்ள ஒரு மாதிரி தோட்டத்துல ஓடுற பூனைகிட்ட வேற மாதிரி இருக்கலாம். மால்டீஸ் மாதிரி சின்ன நாய் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே எச்சரிக்கை, ரேஸ் கிரேஹவுண்ட் தன்ன மாதிரி நாய்ங்களத் தவிர வேற ஜாதி நாயையே பாத்திருக்காது, அந்த வெள்ளை பஞ்சு உருண்டைய நாய்னே அதுக்குத் தோணாம போகலாம்.

ரெண்டாவது, நாலு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கிற வீடு. கிரேஹவுண்ட் பசங்ககிட்ட சாதுவா இருக்கும், அது பிரச்சனை இல்ல, பிரச்சனை தூக்கம். கென்னல்ல அது தூங்கறப்போ யாரும் வந்து தொட்டதில்ல, தனி இடம், சில நாய் கண்ணு தொறந்துகிட்டே தூங்கும் வேற, முழிச்சிட்டு இருக்குன்னு நினைச்சு குழந்தை போய் மேல விழுந்தா அது திடுக்கிட்டு எழுந்து உறுமும், சில நேரம் வாய் படும். அதனால நாய் படுக்கைக்கு யாரும் போகக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டு அதுவா எழுந்து வரணும்ங்கிற ரூல ஆறு வயசுப் பிள்ளை புரிஞ்சுக்கும், ரெண்டு வயசுக் குழந்தைக்குப் புரியாது. ரெண்டு வயசு இருக்கிறவங்க இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்து எடுங்கன்னுதான் சொல்வேன்.

காவலுக்கு நாய் வேணும்ங்கிறவங்களும் வேற பாருங்க. கிரேஹவுண்ட் அநேகமா குரைக்காது, யூனிட்ல டவுன்ஹவுஸ்ல இருக்கிறவங்களுக்கு இது பெரிய ப்ளஸ், பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்கு கம்ப்ளெயின்ட் போடுற தொல்லை இல்ல, ஆனா திருடன் வந்தாலும் சோபாவுல நகந்து இடம் குடுக்கும். பார்க்ல லீஷ் இல்லாம நாயோட ஓடி விளையாடணும்னு கனவு இருந்தாலும் இது சரிவராது, சட்டம் ஒரு பக்கம், அது ஒரு முயலைப் பாத்து கிளம்பிடுச்சுன்னா நீங்க கூப்பிடுற சத்தம் அது காதுல விழறதுக்குள்ள ரெண்டு தெரு தாண்டியிருக்கும், அந்த வேகத்துல ரோட்ட கடந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. முழுசா வேலி போட்ட இடத்த மணிக்கணக்குல வாடகைக்குக் குடுக்கிறாங்க, ஓட விடணும்னு ஆசை இருந்தா அங்க கூட்டிட்டுப் போங்க. காலரும் சாதாரண காலர் வேணாம், இதுக்கு தலையை விட கழுத்து தடிமன், பின்னாடி இழுத்தா காலர் நழுவி கையோட வந்துடும், இழுத்தா தானா இறுகுற மார்ட்டிங்கேல் காலர்தான் போடணும்.

வேலைக்குப் போற வீட்டுக்கு நல்லதுன்னு சொன்னேன், அதுல ஒரு சின்ன திருத்தம். பகல் முழுக்க தூங்குற நாய்தான், ஆனா அது பொறந்ததுலேருந்து ஒரு நாள் கூட தனியா இருந்ததில்ல, சுத்தி எப்பவும் வேற நாய்ங்க இருந்துச்சு. முதல் நாளே ஒன்பது மணி நேரம் பூட்டிட்டுப் போனா அழும், கதவைப் பிராண்டும். வந்த அன்னைலேருந்தே அஞ்சு நிமிஷம் வெளிய போயிட்டு வர்றது, அப்புறம் அரை மணி, அப்புறம் ரெண்டு மணி, இப்படி கூட்டணும். ஒர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கிறவங்க முதல் மாசம் முழுக்க நாய் பக்கத்துலயே உக்காந்து கொஞ்சிட்டு அடுத்த மாசம் ஆபீஸ் போனா அது நாய்க்கு ரொம்பக் கஷ்டம், வீட்டுல இருந்தாலும் நடுவுல கதவ சாத்திட்டு வேற ரூம்ல இருந்து பழக்குங்க.

செலவுக்கு வருவோம். அடாப்ஷன் ஃபீஸ் சில நூறு டாலர்தான், அதுலயே கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் வந்துடும், பல இடத்துல பல்லும் சுத்தம் பண்ணிக் குடுத்துடுவாங்க. பல்லு முக்கியம், கிரேஹவுண்டுக்கு பல்லு சீக்கிரம் கெடும், தினமும் தேய்ச்சு விடாட்டி வெட்டுகிட்ட மயக்கம் குடுத்து க்ளீன் பண்றதுக்கே பெரிய பில் வரும். தோல் மெல்லிசு, முள்ளு கிழிச்சாலே தையல் போடுற அளவுக்கு கிழியும். உடம்புல கொழுப்பு இல்ல, மெல்பர்ன் குளிருக்கு கோட் வேணும், எலும்பு தரைல படாம கனமான படுக்கை வேணும், அதே நேரம் 38, 40 டிகிரி நாள்ல வெளியவே கூட்டிட்டுப் போகக் கூடாது. பாதத்துல கால் ஆணி வரும், கூழாங்கல் மேல நொண்டும் புல்லு மேல நல்லா நடக்கும், அப்படி இருந்தா பாதத்த திருப்பிப் பாருங்க. வயசானா வர்ற எலும்பு கேன்சர் இந்த ஜாதில மத்த நாயை விட அதிகம், இத மறைச்சு யாரும் உங்ககிட்ட நாய் குடுக்கக் கூடாது, நீங்களும் தெரிஞ்சே எடுங்க, காரணம் தெரியாத நொண்டல் இருந்தா எக்ஸ்ரே எடுக்கத் தயங்காதீங்க. மத்தபடி பல பெரிய ஜாதி நாய்ங்கள மாதிரி இடுப்பு மூட்டு பிரச்சனை இதுக்கு ரொம்ப அபூர்வம், 12 வயசு வரைக்கும் நல்லா இருக்கிற நாய்ங்க நிறைய.

வெட் விஷயத்துல ஒண்ணு மட்டும் கண்டிப்பா பாருங்க, கிரேஹவுண்ட் பழக்கம் உள்ள வெட்டா இருக்கணும். தயோபென்டால் மாதிரி பழைய மயக்க மருந்த இதோட ஈரல் சீக்கிரம் உடைக்காது, மயக்கம் தெளியாம கிடக்கும், அதுக்கு வேற மருந்து இருக்கு. ரத்த டெஸ்ட்லயும் இதோட நார்மல் வேற, சிவப்பணு அளவு மத்த நாய்க்கு 55 சதவீதம் தாண்டினாலே யோசிப்பாங்க, இதுக்கு 60 கூட சாதாரணம், தட்டணு கம்மியா இருக்கும், தைராய்டு நம்பர் கீழ இருக்கும், தெரியாத வெட் அந்த நம்பரப் பாத்துட்டு வாழ்நாள் முழுக்க தைராய்டு மாத்திரை எழுதிக் குடுக்க வாய்ப்பு இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை ரெண்டு நாள் கழிச்சு திடீர்னு ரத்தம் கசியுறதும் இந்த ஜாதில உண்டு, அதைத் தடுக்க மருந்து இருக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

சாம்பார் சாதம் போடலாமான்னு கட்டாயம் ஒரு கேள்வி வரும். போடக் கூடாது, வெங்காயமும் பூண்டும் எந்த நாய்க்கும் ஆகாது, ரத்த சிவப்பணுவ உடைக்கும், அதே மாதிரி பாயசத்துல போடுற திராட்சையும் கிட்னிய பாதிக்கும். இது லேபுக்கும் கவூடுலுக்கும் சேத்துதான், ஆனா கிரேஹவுண்டோட மூக்கு சமையலறை மேடை உயரத்துலயே இருக்கு, அது எக்கவே வேண்டாம், அதனால மேடைல எதையும் தொறந்து வைக்காதீங்க. வெறும் சோறு, உப்பு போடாம வேகவச்ச கோழி, கொஞ்சம் தயிர் எப்பவாவது குடுக்கலாம், தினசரி சாப்பாடு நல்ல ட்ரை ஃபுட்தான்.

ஊர்லேருந்து அப்பா அம்மா மூணு மாசம், ஆறு மாசம் வந்து தங்குறப்போ நாய்னா பயப்படுற பெரியவங்களுக்கு மேல தாவாத நாய் வேணும். லேப் பப்பி தாவும், கவூடுல் கால சுத்தும், கிரேஹவுண்ட் பக்கத்துல வந்து நிக்கும், புடிச்சிருந்தா மெதுவா உடம்ப கால்ல சாய்ச்சுக்கும், அவ்வளவுதான். அது சாயறப்போ 30 கிலோ வரும், முழங்கால் வலி இருக்கிற பாட்டிக்கு நிக்கறப்போ பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும்.

இப்ப எங்கிருந்து எடுக்கிறது. விக்டோரியாவுல பெரிய வழி கிரேஹவுண்ட் அடாப்ஷன் ப்ரோக்ராம், எல்லாரும் கேப்னு சொல்றது, ரேஸ் நடத்துற கிரேஹவுண்ட் ரேசிங் விக்டோரியாவே 1996லேருந்து நடத்துது, செய்மூர்ல சென்டர் இருக்கு. இன்னொரு வழி தனி ரெஸ்க்யூ குழுக்கள், தன்னார்வலர்கள் தங்க வீட்டுலயே நாயை வச்சுப் பாத்துட்டு குடுப்பாங்க. ரேஸ் நடத்துறவங்ககிட்டயே போய் நாய் எடுத்தா அந்தத் தொழிலுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுத்த மாதிரி ஆகாதான்னு சிலர் கேக்கிறாங்க, நியாயமான கேள்விதான். 2015ல ஏபிசி டிவியோட ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சில உயிரோட இருக்கிற பிராணிகளக் கட்டி நாயைப் பழக்கினத காட்டினப்போ நாடே அதிர்ந்துச்சு, அப்புறம் நியூ சவுத் வேல்ஸ்ல முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையில நடந்த விசாரணை 12 வருஷத்துல 48,000க்கு மேல, 68,000 வரைக்கும் நாய்ங்க வேகம் பத்தலங்கிறதுக்காகவே கொல்லப்பட்டிருக்கலாம்னு சொல்லுச்சு. அந்த மாநிலம் 2016 ஜூலைல ரேஸையே தடை பண்றோம்னு அறிவிச்சு அக்டோபர்ல பின்வாங்கிடுச்சு, கான்பெரா பக்கம் 2018ல நிஜமாவே நிறுத்திட்டாங்க, நியூசிலாந்து 2026 ஜூலையோட முடிக்கப் போறதா 2024 டிசம்பர்ல அறிவிச்சுது, டாஸ்மேனியாவும் 2029க்குள்ள நிறுத்தப் போறதா சொல்லியிருக்கு. எனக்கும் இந்த ரேஸ் நிக்கணும்னுதான் ஆசை, ஆனா கென்னல்ல காத்திருக்கிற நாய்க்கு அது எந்த வழியா வெளிய வருதுங்கிறது முக்கியமில்ல, வர்றதுதான் முக்கியம். மனசு ஒப்பலன்னா தனிக் குழுகிட்ட எடுங்க, எடுக்காம மட்டும் விட்டுடாதீங்க.

எடுக்கிற வழிய விட ஒரு விஷயம் பெருசு, அந்த நாய் ஏதாவது ஒரு வீட்டுல இருந்து பாத்திருக்கான்னு கேளுங்க. கென்னல்லேருந்து நேரா வர்ற நாய் அமைதியா இருக்கிற மாதிரி தெரியும், அது பயத்துல உறைஞ்சு நிக்கிற அமைதியா கூட இருக்கலாம், நிஜ குணம் சில வாரம் கழிச்சுத்தான் வெளிய வரும். ஃபாஸ்டர் வீட்டுல, அதாவது தற்காலிகமா வச்சுப் பாத்துக்கிற வீட்டுல, ஒரு மாசம் இருந்த நாய்னா அங்க இருக்கிறவங்களே சொல்லிடுவாங்க, ராத்திரி எங்க தூங்குது, தனியா விட்டா என்ன பண்ணுது, சாப்பாட்டுத் தட்டுகிட்ட பசங்க போனா எப்படி இருக்கு, சின்ன நாயைப் பாத்தா வாலாட்டுதா, இல்ல உடம்ப விறைச்சு முறைக்குதா. இந்தக் கேள்விக்கெல்லாம் "நல்ல நாய்ங்க, ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னு மொத்தமா பதில் வந்தா அடுத்த நாயைப் பாருங்க. முடிவு எடுக்க முடியலன்னா நீங்களே முதல்ல ஃபாஸ்டரா எடுங்க, சாப்பாடு வெட் செலவெல்லாம் பெரும்பாலும் அவங்களே பாத்துப்பாங்க, சரிவரலன்னா வெக்கப்படாம திருப்பிக் குடுக்கலாம், சரிவந்துச்சுன்னா அப்படியே வச்சுக்கலாம்.

ஆணா பொண்ணான்னு ரொம்ப யோசிக்காதீங்க, உயரமும் எடையும்தான் வித்தியாசம், ஆண் நாய்ங்க கொஞ்சம் ஒட்டுறவா இருக்கும்னு பலர் சொல்வாங்க, நாய்க்கு நாய் மாறும். வயச யோசிங்க, ரெண்டு வயசு நாய்க்கு விளையாட்டுப் புத்தி இன்னும் இருக்கும், ஒரு செருப்பு ரெண்டு செருப்பு போகும், ஏழு எட்டு வயசு நாய் வந்த அன்னைக்கே படுத்துக்கும், அதை எடுக்க ஆள் வர்றதும் கம்மி, பசங்க வளந்துட்ட வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு, விக்டோரியாவுல 2020 மார்ச்லேருந்து ஓனர் சும்மா முடியாதுன்னு சொல்ல முடியாது, நீங்க ஃபாரம் குடுத்து சம்மதம் கேக்கணும், மறுக்கணும்னா அவர் 14 நாளைக்குள்ள வாடகைத் தகராறு பாக்குற வீகேட் ட்ரிப்யூனலுக்குப் போகணும். வேலி பெரியவங்க நெஞ்சு உயரத்துக்கு இருக்கா, கேட் தாழ்ப்பாள் சரியா விழுதான்னு முதல்லயே பாத்துடுங்க. கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் வருஷா வருஷம் ஏப்ரல் 10க்குள்ள கட்டணும், கருத்தடை பண்ணின நாய்க்கு ஃபீஸ் கம்மி.

எப்ப எடுக்கிறதுன்னு கேட்டா, டிசம்பர்ல சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ டிக்கெட் போட்டிருந்தீங்கன்னா அதுக்கு முன்னாடி எடுக்காதீங்க. அப்பதான் வீடுன்னு ஒண்ணு இருக்குன்னு புரிஞ்சுகிட்ட நாயை அஞ்சு வாரம் மறுபடி போர்டிங்ல விடுறது பாவம், செலவும் ஜாஸ்தி, டிசம்பர் ஜனவரி இடம் மாசக்கணக்குக்கு முன்னாடியே ஃபுல் ஆயிடும். வீட்டுக்கு நல்லா பழகினப்புறம் அடுத்த வருஷ ட்ரிப்புக்கு விட்டா பரவாயில்ல, கென்னல் வாழ்க்கை தெரிஞ்ச நாய்ங்கிறதால பப்பிய விட நல்லாவே சமாளிக்கும். ஊர் போயிட்டு வந்து ஜனவரி கடைசில ஸ்கூல் தொறந்ததும் எடுங்க, காலைல யாரு எப்ப கிளம்புவா சாயங்காலம் யாரு முதல்ல வருவாங்கிற உங்க வீட்டோட நிஜமான நேரம் அதுக்கு முதல் வாரத்துலேருந்தே பழகிடும்.